தென்னாப்பிரிக்க அடையாள எண்: 13 இலக்கங்களுக்குள் இருக்கும் கணக்கு

ஒருவரின் அடையாள எண்ணை உள்துறையின் தேசிய மக்கள்தொகைப் பதிவேட்டோடு அப்போதைக்கப்போதே ஒப்பிட்டுப் பார்க்க, வங்கிகளும் காப்பீட்டு நிறுவனங்களும் 2025 ஜூலை 1 முதல் ஒவ்வொரு முறைக்கும் 10 ராண்ட் கட்டுகின்றன. அதற்கு முன் இருந்த கட்டணம் 15 சென்ட். ஒரே தாவலில் 66 மடங்குக்கு மேல். செய்தி வந்ததும் பலருக்கு எழக்கூடிய கேள்வி இது: அடையாள எண் சரியா தப்பா என்று கண்டுபிடிக்க எண்ணுக்குள்ளேயே ஒரு கணக்கு இருக்கிறதாமே, இணையத்தில் இலவசமாகச் சரிபார்க்கும் பக்கங்கள் கூட உண்டே, பிறகு எதற்கு 10 ராண்ட்?

கேள்வி நியாயமானது. எண்ணுக்குள் ஒரு கணக்கு இருப்பது உண்மைதான். ஆனால் அந்தக் கணக்கு ஒரு கேள்விக்கு மட்டுமே பதில் சொல்லும். எந்தக் கேள்விக்கு, எந்த அளவுக்கு என்பதைப் பார்ப்போம். பள்ளிக்கூடக் கூட்டலும் மீதியும் தெரிந்தால் போதும்.

எண்ணின் அமைப்பு

பச்சை அடையாளப் புத்தகமானாலும், 2013இல் வந்த ஸ்மார்ட் அட்டையானாலும் எண் ஒன்றுதான். அதன் 13 இலக்கங்களும் இப்படிப் பிரிகின்றன:

1. முதல் 6 இலக்கங்கள் பிறந்த தேதி. ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் இரண்டிரண்டு இலக்கங்கள்.
2. அடுத்த 4 இலக்கங்கள் வரிசை எண். 0000 முதல் 4999 வரை பெண்கள், 5000 முதல் 9999 வரை ஆண்கள்.
3. 11ஆவது இலக்கம் குடியுரிமை. 0 என்றால் குடிமகன் அல்லது குடிமகள், 1 என்றால் நிரந்தர வசிப்புரிமை பெற்றவர்.
4. 12ஆவது இலக்கம் இப்போது பெரும்பாலும் 8.
5. 13ஆவது இலக்கம் சரிபார்ப்பு இலக்கம். இதை யாரும் தேர்ந்தெடுப்பதில்லை. முன்னால் உள்ள 12 இலக்கங்களிலிருந்து அது தானாக வந்து விழுகிறது.

ஒரே நாளில் பிறந்த பெண்களுக்கு 5,000 இடங்கள், ஆண்களுக்கு 5,000 இடங்கள். நாட்டில் ஆண்டுக்குச் சுமார் 10 லட்சம் குழந்தைகள் பிறக்கின்றன, அதாவது நாளுக்கு 2,700 சொச்சம். பாதிப் பாதியாகப் பிரித்தால் ஒரு பக்கத்துக்கு 1,400 கூட ஆகாது. இடத்துக்கு நெருக்கடி இல்லை. ஆண்டுக்கு இரண்டே இலக்கங்கள் ஒதுக்கியதால், நூறு வயதுப் பாட்டியும் இந்த ஆண்டு பிறந்த கொள்ளுப்பேத்தியும் ஒரே ஆறு இலக்கங்களில் தொடங்கக்கூடும் என்பது மட்டும் ஒரு சின்ன உறுத்தல்.

12ஆவது இலக்கம் முன்பு என்ன சொன்னது

இன்று வெறும் 8 ஆக நிற்கும் அந்த இடம் நிறவெறி ஆட்சிக் காலத்தில் சும்மா இருக்கவில்லை. இனத்தைச் சொன்னது. வெள்ளையருக்கு 0; கலப்பினத்தார், மலாய் மக்கள், கிரிக்குவா மக்கள், சீனர் என்று ஒவ்வொரு பிரிவுக்கும் ஓர் இலக்கம்; இந்தியருக்கு 5. டர்பனின் சாட்ஸ்வர்த்திலும் ஜோகன்னஸ்பர்க்கின் லெனேசியாவிலும் வாழ்ந்த தமிழர், தெலுங்கர், குஜராத்தியர் எல்லாரும் அந்த 5க்குள் அடக்கம். 1986ஆம் ஆண்டின் அடையாளச் சட்டத்தோடு இந்தக் குறியீடு எண்ணிலிருந்து நீக்கப்பட்டது.

இதில் கணக்கு சம்பந்தமான ஒரு விஷயமும் இருக்கிறது. 12ஆவது இலக்கத்தை மட்டும் 5இலிருந்து 8 ஆக மாற்றிவிட்டுக் கடைசி இலக்கத்தை அப்படியே விட முடியாது. கீழே சொல்லப்போகும் விதிப்படி, அந்த மாற்றம் கூட்டுத்தொகையை 6 கூட்டிவிடும். அதை ஈடுகட்டச் சரிபார்ப்பு இலக்கம் 4 ஏற வேண்டும் (10ஐத் தாண்டினால் 10ஐக் கழித்துக்கொள்ளலாம்). 057 என்று முடிந்த எண் 081 என்று முடியும். பழைய காகிதத்தையும் புதிய அட்டையையும் பக்கத்தில் வைத்துப் பார்த்து, "கடைசி இலக்கம் எப்படி மாறியது, எங்கேயோ தப்பு நடந்திருக்கிறது" என்று யாராவது பதறினால் விஷயம் இவ்வளவுதான்.

சரிபார்ப்பு இலக்கம் இல்லாத எண் எப்படி இருக்கும்

இதற்கு நல்ல உதாரணம் நம் முன்னோரிடமே இருக்கிறது. 1860 நவம்பர் 16 அன்று மதராஸிலிருந்து 'ட்ரூரோ' கப்பல் டர்பன் துறைமுகத்துக்கு வந்தது. அன்று தொடங்கி 1911 வரை சுமார் 1 லட்சத்து 52 ஆயிரம் பேர் ஒப்பந்தக் கூலிகளாக நேட்டாலுக்குக் கொண்டுவரப்பட்டார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு எண். கப்பல் பட்டியலில் பெயர், தகப்பன் பெயர், ஊர், சாதி, வயது எல்லாவற்றுக்கும் முன்னால் அந்த எண் நிற்கும். இன்றும் பூர்வீக ஊரைத் தேடுகிறவர்கள் முதலில் தேடுவது அதைத்தான்.

அது வெறும் வரிசை எண். அதில் மாட்டிக்கொள்ளும் சிக்கல் என்னவென்றால், எந்த எண்ணை எழுதினாலும் அது யாரோ ஒருவருடைய எண்ணாக இருக்கும். மங்கிய மையில் 3ஐ 8 என்று படித்துவிட்டால், பட்டியலில் அந்த இடத்தில் வேறொரு கப்பலில் வந்த வேறொரு ஆள் இருப்பார், அவருக்கும் ஒரு பெயரும் ஒரு ஊரும் இருக்கும். தப்பு நடந்ததாக எண் உங்களுக்குச் சொல்லவே சொல்லாது. ஒரு குடும்பம் அடுத்தவர் பாட்டனின் கிராமத்தைத் தன் கிராமம் என்று எடுத்துக்கொள்ள இது போதும்.

தப்பைத் தானே காட்டிக்கொடுக்கும் எண் வேண்டுமென்றால், எழுதக்கூடிய எண்களில் பெரும்பகுதி செல்லாததாக இருக்க வேண்டும். அப்போதுதான் கை தவறி எழுதியது செல்லாத எண்ணில் போய் விழும். சரிபார்ப்பு இலக்கம் செய்வது இதைத்தான். பத்தில் ஒன்பது எண்களைச் செல்லாதவையாக்கிவிடுகிறது.

லூன் விதி, படிப்படியாக

விதியின் பெயர் அதைக் கண்டுபிடித்த ஹான்ஸ் பீட்டர் லூனுடையது. ஜெர்மனியில் பிறந்து அமெரிக்காவில் ஐபிஎம் நிறுவனத்தில் வேலை பார்த்தவர். 1954இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார், 1960இல் கிடைத்தது. அவர் மனதில் இருந்தது கையில் பிடித்துச் சுழற்றும் ஒரு சின்ன இயந்திரம். இன்று கடன் அட்டைகளிலும் கைபேசியின் 15 இலக்க ஐஎம்இஐ எண்ணிலும் இருப்பது இதே விதிதான்.

உதாரணத்துக்கு யாருடைய எண்ணையும் எடுக்கக் கூடாது. ஆகவே 99ஆம் ஆண்டு, 13ஆம் மாதம், 32ஆம் நாள் என்று இல்லாத தேதியில் ஒரு எண்ணை வைத்துக்கொள்வோம்: 9913320123 08 என்பது முதல் 12 இலக்கங்கள். 13ஆவது என்ன?

1. ஒற்றைப்படை இடங்களில் (1, 3, 5, 7, 9, 11) உள்ள இலக்கங்களை அப்படியே கூட்டுங்கள்: 9 + 1 + 3 + 0 + 2 + 0 = 15.
2. இரட்டைப்படை இடங்களில் (2, 4, 6, 8, 10, 12) உள்ளவற்றை இரட்டியுங்கள். இரட்டித்தது 9ஐத் தாண்டினால் 9ஐக் கழியுங்கள். 9, 3, 2, 1, 3, 8 என்பவை 9, 6, 4, 2, 6, 7 ஆகின்றன. கூட்டினால் 34.
3. இரண்டையும் சேர்த்தால் 49.
4. 49ஐ அடுத்த பத்தின் மடங்குக்குக் கொண்டுபோக எவ்வளவு வேண்டும்? 1. அதுதான் கடைசி இலக்கம்.

ஆக முழு எண் 9913320123081. இனிமேல் யார் இந்த எண்ணைத் தட்டினாலும், கணினி இதே கூட்டலைச் செய்து, மொத்தம் பத்தால் மீதியின்றி வகுபடுகிறதா என்று மட்டும் பார்க்கும்.

ஒரு இலக்கம் தப்பினால் ஏன் கட்டாயம் மாட்டும்

அப்படியே கூட்டும் இடத்தில் 3க்குப் பதில் 7 போட்டால் மொத்தம் 4 கூடும், பத்தால் வகுபடாது. ஒரு இலக்கம் இன்னொன்றாக மாறும்போது வித்தியாசம் 1 முதல் 9 வரைதான் இருக்க முடியும், அது ஒருபோதும் பத்தின் மடங்கு ஆகாது. இது எளிது.

இரட்டிக்கும் இடத்தில்தான் லூனின் கெட்டிக்காரத்தனம் இருக்கிறது. சும்மா இரட்டித்துப் பத்தால் வகுத்து மீதி எடுத்திருந்தால், 1உம் 6உம் ஒன்றாகிவிடும் (2, 12, இரண்டுக்கும் மீதி 2). 6ஐ 1 என்று தட்டியவர் தப்பித்துவிடுவார். 9ஐக் கழிக்கும் அந்தச் சின்னத் திருத்தத்தால் 0, 1, 2, 3, 4, 5, 6, 7, 8, 9 என்பவை முறையே 0, 2, 4, 6, 8, 1, 3, 5, 7, 9 ஆகின்றன. பத்து இலக்கங்களும் ஒன்றுகூட விடுபடாமல், ஒன்றுகூடத் திரும்ப வராமல் இடம் மாறி நிற்கின்றன. ஆகவே இந்த இடத்திலும் தனி இலக்கத் தப்பு எதுவும் தப்பிக்க முடியாது.

பக்கத்துப் பக்கத்து இலக்கங்கள் இடம் மாறினால்? தனி இலக்கத் தப்புக்கு அடுத்தபடியாகத் தட்டச்சில் அதிகம் நடப்பது இதுதான். ஒவ்வொரு இலக்கத்துக்கும், இரட்டித்து வந்த மதிப்பிலிருந்து அந்த இலக்கத்தையே கழித்துப் பாருங்கள், பத்தின் மீதியில் (அதாவது விடை 0க்குக் கீழே போனால் 10ஐக் கூட்டிக்கொள்ளுங்கள்). 0க்கு 0, 1க்கு 1, 2க்கு 2, 3க்கு 3, 4க்கு 4, 5க்கு 6, 6க்கு 7, 7க்கு 8, 8க்கு 9, 9க்கு மறுபடியும் 0. இரண்டு இலக்கங்களுக்கு இந்த வித்தியாசம் ஒன்றாக இருந்தால் மட்டுமே அவை இடம் மாறியது தெரியாமல் போகும். பட்டியலில் 0உம் 9உம் மட்டும்தான் அப்படி. இரண்டு வெவ்வேறு இலக்கங்களை 45 விதமாகச் சோடி சேர்க்கலாம். 44 சோடிகள் மாட்டும், ஒன்று நழுவும்.

நழுவும் தப்புகள்: அடையாள எண்ணில் அவை எங்கே விழுகின்றன

இதுவரை சொன்னது எந்தப் பாடப்புத்தகத்திலும் இருக்கும். தென்னாப்பிரிக்க எண்ணின் அமைப்போடு சேர்த்துப் பார்க்கும்போதுதான் விஷயம் சூடு பிடிக்கிறது.

1. ஆண்டில் 09ஐ 90 என்று தட்டினால் தெரியாது. 2009இல் பிறந்தவர் 1990இல் பிறந்தவராகிவிடுவார், ஒரே நொடியில் 19 வயது கூடிவிடும். தலைகீழாக நடந்தால் கல்யாணமாகிப் பிள்ளை பெற்றவர் பள்ளிக்கூடப் பிள்ளையாகத் தெரிவார். லூன் விதி பார்க்கத் தவறும் ஒரே சோடி ஆண்டிலேயே உட்கார்ந்திருப்பது துரதிர்ஷ்டம்தான். மாதத்திலோ நாளிலோ இது நடந்தால், 90ஆம் மாதம் என்று ஒன்று இல்லாததால், அப்படி ஒரு தேதி உண்டா என்று தனியாகப் பார்க்கும் தேதிச் சோதனையில் மாட்டிவிடும்.

2. நாளின் கடைசி இலக்கமும் வரிசை எண்ணின் முதல் இலக்கமும் அடுத்தடுத்து நிற்கின்றன. 19ஆம் தேதி பிறந்து, வரிசை எண் 0இல் தொடங்கும் ஒரு பெண்ணின் எண்ணில் அந்த 9உம் 0உம் இடம் மாறினால், அவர் 10ஆம் தேதி பிறந்த ஆணாகிவிடுவார். கணக்கு வாயைத் திறக்காது. 29க்கும் 20க்கும் இதே கதி.

3. இரட்டை இலக்கங்களில் 22உம் 55உம், 33உம் 66உம், 44உம் 77உம் ஒன்றுக்கு ஒன்று மாறினால் தெரியாது. 1977 பிறப்பு 1944 ஆகலாம்.

4. இது எல்லாவற்றையும் விட முக்கியமானது. நாம் தேதியை எழுதும் பழக்கம் நாள், மாதம், ஆண்டு. அடையாள எண்ணோ ஆண்டு, மாதம், நாள். பழக்க தோஷத்தில் ஒருவர் முதல் ஆறு இலக்கங்களைத் தன் வழக்கப்படி எழுதிவிட்டால் என்ன ஆகும்? ஆண்டு நின்ற 1, 2 ஆம் இடங்களும் நாள் நின்ற 5, 6 ஆம் இடங்களும் இடம் மாறுகின்றன. 1உம் 5உம் அப்படியே கூட்டும் இடங்கள். 2உம் 6உம் இரட்டிக்கும் இடங்கள். ஆகவே மொத்தம் இம்மியும் மாறாது. நம் உதாரணத்தில் 991332 தருவது 32. திருப்பி எழுதிய 321399 தருவதும் 32.

மனிதர்கள் எளிதில் செய்துவிடக்கூடிய இந்தத் தப்புக்கு லூன் விதி முழுக் குருடு. இவ்வளவு நாள் இது பெரிதாக உறைக்காததற்குக் காரணம் தேதிச் சோதனை. 1932 முதல் 1999 வரை பிறந்தவர்களின் ஆண்டு இலக்கங்கள் 32 முதல் 99 வரை; திருப்பி எழுதினால் அவை நாளாக நிற்க வேண்டும், 86ஆம் நாள் என்று எதுவும் இல்லை, மாட்டிக்கொள்வார்கள். 2001 முதல் பிறந்தவர்களுக்கு அந்தக் காவல் போய்விட்டது. 2005 நவம்பர் 23 என்பது 051123. திருப்பினால் 231105, அதாவது 2023 நவம்பர் 5. இரண்டும் நல்ல தேதிகள், இரண்டும் கணக்கில் சரி. 2031 வரை பிறக்கப்போகும் குழந்தைகளுக்கும் இதே நிலைமை தொடரும். படிவம் வடிவமைப்பவர்கள் அடையாள எண்ணைக் கேட்டுவிட்டுப் பிறந்த தேதியைத் தனியாகவும் கேட்பதை வீண் வேலை என்று பலர் அலுத்துக்கொள்வார்கள். அது வீண் இல்லை. இந்தத் தப்பைப் பிடிக்கச் சுலபமான வழி அது ஒன்றுதான்.

பத்தை வைத்து இதைவிட நன்றாகச் செய்ய முடியாதா

0, 9 என்ற ஒரு சோடிதானே நழுவுகிறது, இரட்டிப்பதற்குப் பதில் வேறு ஏதாவது மாற்றம் செய்து அதையும் அடைத்திருக்கக் கூடாதா? முடியாது. ஏன் என்பதற்கு இரண்டு வரி நிரூபணம் இருக்கிறது, அழகானது.

0 முதல் 9 வரையிலான இலக்கங்களை எப்படி வேண்டுமானாலும் இடம் மாற்றுங்கள். மாறிய இலக்கங்களின் மொத்தமும் 45, பழைய இலக்கங்களின் மொத்தமும் 45. ஆகவே ஒவ்வொன்றிலும் புதியதிலிருந்து பழையதைக் கழித்து எல்லா வித்தியாசங்களையும் கூட்டினால் 0 வரும். ஆனால் எந்தச் சோடியும் நழுவக் கூடாது என்றால், அந்தப் பத்து வித்தியாசங்களும் பத்தின் மீதியில் வெவ்வேறாக, அதாவது 0 முதல் 9 வரை ஒவ்வொன்றும் ஒரு தடவை வர வேண்டும். அவற்றின் மொத்தம் 45. பத்தால் வகுத்தால் மீதி 5. 0உம் 5உம் ஒன்றாக முடியாது. ஆகவே ஒரு சோடியாவது நழுவியே தீரும். லூன் நழுவ விட்டது சரியாக ஒன்றுதான். பத்தின் மீதியை வைத்துக் கூட்டல் கணக்கில் இதற்கு மேல் யாராலும் போக முடியாது.

கடையில் வாங்கும் மசாலாப் பொட்டலத்தின் பார்கோடு எண்ணும் 13 இலக்கம்தான். தென்னாப்பிரிக்கப் பதிவு என்றால் 600 அல்லது 601இல் தொடங்கும். அதில் ஒன்று விட்டு ஒன்று 3ஆல் பெருக்கிக் கூட்டுகிறார்கள். அங்கே 5 வித்தியாசம் உள்ள ஐந்து சோடிகளும் (0-5, 1-6, 2-7, 3-8, 4-9) இடம் மாறினால் தெரியாது. லூன் எவ்வளவோ மேல்.

தப்பிக்க இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, பத்தை விட்டு 11க்குப் போவது. 11 பகா எண். அதைவிடச் சிறிய, பூச்சியமில்லாத இரண்டு எண்களைப் பெருக்கினால் அதன் மடங்கு ஒருபோதும் வராது. பழைய 10 இலக்க ஐஎஸ்பிஎன் புத்தக எண்கள் இப்படித்தான் இருந்தன. ஆனால் மீதி 10 வரும்போது ஒரு இலக்கத்தில் எழுத முடியாமல் ரோமன் எழுத்தைப் போட வேண்டியிருந்தது. இன்னொன்று, நெதர்லாந்துக் கணிதவியலாளர் யாகோபுஸ் வெர்ஹூஃப் 1969இல் கண்ட வழி. சாதாரணக் கூட்டலை விட்டுவிட்டு, ஓர் ஐங்கோணத்தைச் சுழற்றுவதும் கவிழ்ப்பதுமான பத்து அசைவுகளை இலக்கங்களாகக் கொண்டார். அங்கே எதை முதலில் செய்கிறோம் என்பதைப் பொறுத்து விடை மாறும், அதனால் பக்கத்துப் பக்கத்து இலக்கங்களின் இடமாற்றம் எல்லாமே மாட்டிக்கொள்ளும். தமிழ்நாட்டு உறவினர்கள் வைத்திருக்கும் ஆதார் எண்ணின் 12ஆவது இலக்கம் இந்த வெர்ஹூஃப் முறையில் வருவது. இந்த ஒரு விஷயத்தில் ஆதார் ஒரு படி மேலே.

முழு எண்ணாகப் பார்த்தால்

பத்து லட்சம் கோடிக்குக் கிட்டே நிற்கும் எண் என்பதால், இது பகா எண்ணா, எதால் வகுபடும் என்றெல்லாம் ஆர்வம் வருவது இயல்பு. நம் உதாரணத்தின் இலக்கங்களைக் கூட்டினால் 42. 42 மூன்றால் வகுபடும், ஆகவே அந்த எண்ணும் வகுபடும்: 3 × 3304440041027. பகா எண் அல்ல.

இலக்கங்களைக் கூட்டிப் பார்ப்பது ஏன் வேலை செய்கிறது? 10ஐ 9ஆல் வகுத்தால் மீதி 1, 100க்கும் 1, 1000க்கும் 1. ஆகவே எந்த இலக்கம் எந்த இடத்தில் நின்றாலும் 9ஐப் பொறுத்தவரை அது அந்த இலக்கமே. எண் சோதிடத்தில் இலக்கங்களைக் கூட்டிக் கூட்டி ஒற்றை இலக்கத்துக்குக் கொண்டுவருகிறார்களே, அது 9ஆல் வகுத்த மீதிதான் (மீதி 0 என்றால் 9). 42 என்பது 6 ஆகிறது. அந்த 6 சுக்கிரனா, அதிர்ஷ்டமா என்பதை எண்ணியலிடம் கேட்டுப் பயனில்லை. லூன் விதியில் 9ஐக் கழிப்பதும் இதே தந்திரம்: 16ஐ 1 + 6 = 7 என்று கூட்டுவதும், 16 - 9 = 7 என்று கழிப்பதும் ஒன்று.

பகா எண் விஷயம்: பத்து லட்சம் கோடிக்குள் 346,065,536,839 பகா எண்கள் இருக்கின்றன. சராசரியாக 29க்கு ஒன்று. அடையாள எண்கள் இதில் தனிப்பட்ட சார்பு எதுவும் காட்ட வேண்டிய காரணம் இல்லை, ஆகவே சுமார் 29 பேரில் ஒருவர் பகா எண்ணைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு நடக்கிறார் என்று உத்தேசமாகச் சொல்லலாம். அதனால் அவருக்கு ஒரு பலனும் இல்லை, ஒரு பாதகமும் இல்லை. 13 இலக்கம் என்பது நமக்குத்தான் பெரிய எண். அதைக் காரணிப்படுத்த அதன் வர்க்கமூலம் வரை, அதாவது 31 லட்சம் சொச்சம் வரையுள்ள பகா எண்களால் வகுத்துப் பார்த்தால் போதும். கைபேசிக்கு அது கண் இமைக்கும் வேலை. வங்கிகளின் இணையத் தொடர்பைக் காக்கும் ஆர்எஸ்ஏ சாவிகளில் 617 இலக்க எண்கள் சாதாரணம். உண்மையில் பெரிய எண் என்றால் அது.

இதை முழு எண்ணாக நடத்துவதே சில சமயம் தொல்லை. 2000 முதல் 2009 வரை பிறந்தவர்களின் எண் 0இல் தொடங்கும். எக்செல்லில் எண்ணாக உள்ளிட்டால் முன்னால் நிற்கும் 0 காணாமல் போய், 12 இலக்கமோ 11 இலக்கமோ, 10 இலக்கமோகூட மிஞ்சும். பள்ளிகளிலும் சங்கங்களிலும் பட்டியல் தயாரிக்கிறவர்கள் அந்தப் பத்தியை எழுத்து வகை என்று முதலிலேயே மாற்றிக்கொள்வது நல்லது.

கணக்கில் சரி என்பதற்கும் ஆள் சரி என்பதற்கும் நடுவில்

இப்போது அந்த 10 ராண்டுக்கு வருவோம். செல்லக்கூடிய எண்கள் மொத்தம் எத்தனை? நூறு ஆண்டுகளில் 36,525 தேதிகள். ஒவ்வொன்றுக்கும் 10,000 வரிசை எண்கள், குடியுரிமைக்கு 2 வாய்ப்புகள், 12ஆவது இலக்கம் 8 என்று வைத்துக்கொண்டால் மொத்தம் 73 கோடியே 5 லட்சம். கண்ணை மூடிக்கொண்டு 13 இலக்கம் தட்டினால் அது செல்லும் எண்ணாக இருக்க வாய்ப்பு சுமார் 13,700இல் ஒன்று. கை தவறுதலுக்கு எதிராக இது நல்ல வேலி.

ஆனால் வேண்டுமென்றே செய்கிறவன் கண்ணை மூடிக்கொண்டு தட்ட மாட்டான். மேலே உள்ள நாலு படிகளை அவனும் செய்வான். 73 கோடி எண்களும் அவனுக்குத் திறந்தே கிடக்கின்றன. நாட்டின் மக்கள்தொகையோ 6 கோடியைச் சற்றே தாண்டும். ஒரு எண் லூன் விதிக்குப் பொருந்துகிறது என்றால் அதன் பொருள் "இதை எழுதியவர் தட்டச்சில் தடுமாறியிருக்க வாய்ப்பு குறைவு" என்பது மட்டுமே. அந்த எண்ணுக்கு ஆள் இருக்கிறாரா, உயிரோடு இருக்கிறாரா, எதிரில் நிற்பவர் அவர்தானா என்ற கேள்விகளுக்குப் பதிவேடுதான் பதில் சொல்ல முடியும். அந்தப் பதிலுக்குத்தான் 10 ராண்ட். அவசரமில்லாத நேரத்தில் மொத்தமாக அனுப்பினால் 1 ராண்ட். இலவசக் கணக்கை முதலில் ஓட்டி, தட்டச்சுத் தப்புகளை வடிகட்டிவிட்டு, மீதியை மட்டும் பதிவேட்டுக்கு அனுப்புகிற நிறுவனம் காசை மிச்சப்படுத்தும். அதோடு இலவசக் கணக்கின் வேலை முடிந்தது.

பதிவேட்டிலிருக்கும் எண் என்பதாலேயே உரியவர்தான் வந்திருக்கிறார் என்று ஆகாது என்பதும் ஏற்கெனவே தெரிந்ததுதான். 2024இல் ஸ்டெல்லன்போஷ் பல்கலைக்கழக முதலாண்டு மாணவர்கள் இருவர், 370 ராண்ட் சமூக நெருக்கடி உதவித்தொகைக்கு இளைஞர்களின் பெயரில் அவர்களுக்கே தெரியாமல் பெரும் எண்ணிக்கையில் விண்ணப்பங்கள் போயிருப்பதை வெளியே கொண்டுவந்தார்கள். அங்கே பயன்பட்ட எண்கள் கணக்கிலும் சரி, பதிவேட்டிலும் சரி. ஆள்தான் வேறு.

கடைசியாக, அன்றாடம் நடக்கும் ஒரு விஷயம். மின்னஞ்சலில் வரும் சம்பளச் சீட்டையும் வங்கிக் கணக்கு அறிக்கையையும் திறக்க அடையாள எண்ணையே கடவுச்சொல்லாக வைப்பது இங்கே பரவலான வழக்கம். 13 இலக்கம் என்றதும் பாதுகாப்பானது போலத் தோன்றும். கழித்துப் பாருங்கள். பிறந்த தேதி தெரிந்தால் 6 இலக்கம் போயிற்று. ஆணா பெண்ணா என்பது தெரிந்தால் வரிசை எண்ணில் பாதி போயிற்று. குடிமகன் என்றால் 0, அதற்கடுத்து 8. கடைசி இலக்கம் கணக்கில் தானாக வரும். மிஞ்சுவது 5,000 வாய்ப்புகள். உங்கள் வயதைத் தெரிந்து வாட்ஸ்அப்பில் பிறந்தநாள் வாழ்த்துச் சொன்ன எவருக்கும் அந்த 5,000ஐ ஒவ்வொன்றாக முயன்று பார்க்கக் கணினியில் சில நொடிகள் போதும். அறிக்கை அனுப்பும் நிறுவனத்திடம் வேறு கடவுச்சொல் வைக்க வழி கேட்கலாம். அந்த வசதி இல்லையென்றால், செயலிக்குள் நுழைந்து அறிக்கையை எடுத்துக்கொள்ளும் முறைக்கு மாறிக்கொள்ளலாம்.